மூன்றாவது மெழுகுதிரி

எண்பத்தைந்தாம் ஆண்டோ ஆறோ, சுவிஸில் ஓல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. துருக்கிக் கடவுச்சீட்டு வைத்திருந்த போலந்துக்காரி. போலந்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. நாடிழந்து ஓடிய போலந்துக்காரர் இஸ்தான்புல்லுக்கு அப்பால் காடு வெட்டி உண்டாக்கிய கிராமத்தில் பிறந்தவர். சுற்றிவர முஸ்லிம்கள். நாலு தலைமுறை கழிந்தும் அங்கே வீட்டில் போலிஷ்தான், ஞாயிறு பூசைதான், பன்றி வளர்ப்புத்தான் என்பார். எனக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது.

என்னுடைய பிடிவாதம் வேறு. ஊர் நிலைமை சரிவரும், அடுத்த பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்குக் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு பொங்கல் போய்விட்டது. திரும்பிப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கென்று தரையில்தான் படுத்தேன்.

நவம்பர் முதலாம் திகதி இங்கே கல்லறைகளுக்கு விளக்கேற்றுவார்கள். காலை வேலை முடிய, போலந்துக்காரி என்னைத் துணைக்கு வரச் சொன்னார். எனக்கும் வேறு சோலி இல்லை. இந்த நாட்டில் தங்கள் ஆட்களின் கல்லறை இல்லாதவர்கள் மயானத்தின் நடுவே உள்ள பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவார்களாம். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று கொளுத்தினார். பிறகு மூன்றாவதையும் எடுத்தார்.

அது ஆருக்கு என்று கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான், ஆனாலும் விளங்கியது.

“எங்கட பூட்டனுக்கு நிச்சயம் செய்த பொம்பிளைக்கு. அவளைப் போலந்தில விட்டிட்டு வந்தவர். அடுத்த வசந்தம் வருவன், பொறு எண்டு எழுதிக்கொண்டே இருந்தவராம். கடைசியில எங்கட கிராமத்திலயே ஒருத்தியைக் கட்டினார். அந்த வழிதான் நாங்கள். அவளைக் கூப்பிட்டிருந்தா நான் பிறந்திருக்க மாட்டன். அதால வருசா வருசம் எங்கட வீட்டில அவளுக்கும் ஒண்டு கொளுத்துவம்.”

“அவவுக்குப் பிறகு என்ன நடந்தது?”

“ஆருக்குத் தெரியும்? பேரும் தெரியாது.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கே எழுதினேன். பொங்கலுக்கு வரமாட்டேன், இனி எப்போது வருவேன் என்றும் தெரியாது, வெளிக்கிட்டு வாரும். தபாலில் போட்ட பிறகு பயம் பிடித்தது. இத்தனை காலம் ஏமாற்றியவனை நம்பி, களவாக ஆள் அனுப்பும் முன்பின் தெரியாத ஏஜென்சிக்காரனோடு அவள் ஏன் வரவேண்டும்?

பதில் வர ஐந்து கிழமை எடுத்தது. நாலு பக்கம் எழுதுகிறவள் மூன்று வரியில் முடித்திருந்தாள்.

“பாஸ்போட் எடுத்து ஒரு வருசம். நீங்கள் வருவன் எண்டு எழுதிறதை நம்பின மாதிரி நடிச்சு அலுத்துப்போனன். வாறன்.”