பேனலை மூடிவிட்டால் எல்லாம் நல்ல ஒயர்தான்

பேனலின் கடைசித் திருகு கழன்றதும் அவர் டார்ச்சைத் தேடுவதில்லை. முதலில் மூக்கை உள்ளே விடுகிறார். விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்தபடி இரண்டு இழுப்பு. கருகல் வாசனை இல்லை என்று மூக்கு ஒப்புதல் தந்த பிறகுதான் டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற கைப்பிடிக் கண்ணாடியும் பையிலிருந்து வெளியே வரும்.

இந்த மூக்குக்காகவே பவுடர், சென்ட் எதையும் அவர் தொடுவதில்லை. ஜலதோஷம் பிடித்தால் விடுப்பு. "தும்மலுக்கெல்லாமா லீவு மேடம்?" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். "கண்ணு தெரியாதவன் வண்டி ஓட்டினா விடுவீங்களா சார்?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மேனேஜர் அதைக் கேட்டதில்லை.

ஐம்பதைத் தொடும் வயது. இருபத்தாறு வருடமாக விமான ஒயரிங் இன்ஸ்பெக்டர். முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'சந்தேகம்'. "டேய், சந்தேகம் வருது, ஒழுங்கா மாட்டு" என்று மெக்கானிக்குகள் கிசுகிசுப்பது அவர் காதிலும் விழும். "பேருன்னா இப்படி இருக்கணும், வேற யாருக்கும் பொருந்தக் கூடாது" என்பார். அவசரப்படுகிறவர்களிடம் சொல்ல ஒரு வாசகம் வைத்திருக்கிறார்: "பேனலை மூடிட்டா எல்லாமே நல்ல ஒயர்தான்." ஒயர்களைப் பற்றிய அவரது சித்தாந்தமும் சுருக்கமானது: "தானாக் கெட்டுப்போற ஒயர் கம்மி. பக்கத்துல இருக்கறது உரசி உரசித்தான் கெடும். கூட்டுக் குடும்பம் மாதிரி."

இந்த வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காததை யார் வந்து பாராட்டுவது? விமானத்தைத் தாமதப்படுத்தியவர்களுக்கு மட்டும் பட்டியல் உண்டு. மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில், 'பாதுகாப்பே முதல்' என்ற வாசகத்துக்கு நேர் கீழே ஒட்டுவார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் அவர்தான் முதல்.

போன மாதம் ஒரு காலை, பத்து மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம். எரிபொருள் குழாய்க்குப் பக்கத்தில் ஓடும் ஒயர்க் கட்டைப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்து, கட்டு ஓர் உலோக விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு நகக்கீற்று அளவுக்கு மினுங்கியது.

அதே விமானத்தில்தான் அவருடைய நாத்தனார் போகவிருந்தாள். அண்ணிக்கு விமான நிலையத்தில் ஏதோ வேலை என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். அன்று பிற்பகல் அவள் மகளுக்குப் பட்டமளிப்பு. மூன்று வருட மனஸ்தாபம் தீர்ந்து இப்போதுதான் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை. கண்ணாடியைப் பிடித்திருந்த கை ஒரு நிமிடம் தயங்கத்தான் செய்தது. பிறகு கோளாறுப் பதிவேட்டை எடுத்து எழுதினார்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு நகம் அளவுதானே மேடம்! இப்போதைக்கு டேப்பைச் சுத்தி அனுப்பிடலாம். சாயங்காலம் திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்."

"தாராளமா அனுப்புங்க சார். கையெழுத்து மட்டும் நீங்க போட்டுடுங்க." பேனாவை நீட்டினார்.

மேனேஜர் பேனாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அடிக்காத கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சரிசெய்ய ஐந்து மணி நேரம் ஆயிற்று. நடுவில் நாத்தனார் அழைத்தாள். "அண்ணி, எவளோ ஒருத்தி ஒரு ஒயரைப் பாத்துப் பயந்துட்டாளாம்! என் பொண்ணு மேடை ஏறுறதை நான் பாக்க முடியாது போல. அவ யாருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

"விசாரிக்கிறேம்மா" என்றார், அதே விமானத்தின் அடியில் படுத்தபடி.

அடுத்த வாரம் அதே ரக விமானங்களைத் திறந்து பார்த்ததில் இன்னும் இரண்டில் அதே இடத்தில் அதே தேய்மானம். மேனேஜருக்கு 'விழிப்புணர்வு'க் கேடயம் கிடைத்தது. தாமதப் பட்டியலில் முதல் இடம் வழக்கம்போல மேடத்துக்கே. விழாவில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவரும் அவரே.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வந்தாள். அவள் சொன்ன கதையில் ஐந்து மணி நேரம் எட்டாகி, ஒயர் நூலாக இளைத்திருந்தது. அந்த 'எவளோ' தன் மனைவிதான் என்று தெரிந்த கணவர் தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டோவுலதான் பாத்தேன் அண்ணி, பெத்த பொண்ணை." நாத்தனார் சோற்றை அழுத்திப் பிசைந்தாள். "அவ மட்டும் என் கையில கிடைக்கட்டும். யாருன்னு விசாரிச்சீங்களா?"

"நான்தாம்மா."

நாத்தனாரின் கை தட்டிலேயே நின்றது. கணவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அவரோ இருவரையும் பார்க்கவில்லை. நாத்தனாரின் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். அங்கே அவளது கைபேசி சார்ஜில் கிடந்தது. பிளக்கின் கழுத்தருகே ஒயர் பிளந்து செம்பு தெரிந்தது. எழுந்து போனார். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒயரை நடுவில் ஒரே வெட்டாக வெட்டினார்.