மலைக்கு வியர்த்தது

போன வருஷம் கார்த்திகை மாதம், தீபத்துக்கு முன்னால் விடாத அடைமழை. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். பொழுது போகாமல், விடியோ பார்த்து வாட்டர் கலர் பழக ஆரம்பித்திருந்தேன். அடுப்படியில் இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. பிரெட் கவரைக் கசக்கி ஒற்றினேன், மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், சானிடைசரைச் சொட்டவிட்டேன். எல்லாம் சொதப்பல். ஈர வண்ணத்தின் மேல் கல் உப்பைத் தூவியதுதான் கைகொடுத்தது. உப்பு நிறத்தை உறிஞ்ச, நான் வரைந்த மலையில் பாறை பாறையாகத் திட்டுகள் எழும்பின. காய்ந்ததும் உப்பைத் தட்டிவிடச் சொல்லி விடியோவில் சொல்லியிருந்தார்கள். ஜொலிக்கிறதே என்று நான் அப்படியே விட்டுவிட்டேன்.

படத்தைத் தரையில் சாய்த்து வைத்திருந்தது கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாமலையாரப் போயி தரையில வெப்பாங்களா? இன்னாம்மா நீ!" என்று அவரே சுத்தியலோடு வந்தார். மலை உச்சியிலேயே ஒரு நீள ஆணியை வைத்து, அட்டையோடு சேர்த்துச் சுவரில் அறைந்துவிட்டுப் போனார். படத்தில் ஓட்டை போட்டுவிட்டாரே என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்ல முடியும்?

மழை வலுத்ததும் மலைக்கு வியர்த்தது. காலையில் எழுந்து பார்த்தால் படம் முழுக்க நீர் முத்துகள். காய்ந்த துணியால் ஒற்றினால், கொஞ்ச நேரத்தில் மறுபடியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது என்று தெரியும். தெரிந்தும், தனியாக அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. முதுகைக் காட்டி உட்காரவும் முடியவில்லை. ஒருமுறை விரலால் தொட்டேன். மணிக்கட்டு வரை சிலிர்த்தது. உள்ளிருந்து யாரோ பதிலுக்குத் தொட்டது போல இருந்தது.

அக்காவும் தொட்டார். "யப்பா! உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஆவுதும்மா!" என்றவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் படத்துக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். தொட்டவர்களுக்கெல்லாம் அதே சிலிர்ப்பு. என் கையால் உப்புத் தூவிய படம்தான். ஆனாலும் அது இருந்த அறைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. கழற்றிவிடுகிறேன் என்றால் அக்கா விடவில்லை.

அக்காவின் மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்று அந்த வீடே தவித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவளைத் தலைக்குக் குளிக்க வைத்து, ஈரப் புடவையோடு மாடிக்கு அழைத்து வந்தார் அக்கா. பகல்தான், ஆனாலும் மழை இருட்டில் முகம் தெரியவில்லை. வெறுங்காலோடு, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அந்தப் பெண் மலையின் மேல் கையை வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே அத்தை" என்றாள். உதடு துடித்தது. தனக்கு மட்டும் அருள் இல்லையோ என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"ரெண்டு கையையும் வெச்சு நல்லா அழுத்து. மனசாரக் கேளு" என்றார் அக்கா.

அழுத்தினாள். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் எனக்கு உறைத்தது. எப்போதும் கடகடவென்று சத்தம் போடும் ஃபேன் ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. கரண்ட் போனால் சாமியும் போய்விடுமா?

ஐயோ என்று பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இருவருமாகக் கட்டிலில் சாய்ந்தோம்.

"அடிப்பாவி! புள்ளத்தாச்சிப் பொண்ண..." என்று அக்கா கத்தி முடிப்பதற்குள், தலைக்கு மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, டெஸ்டரை எடுத்து, ஆணித் தலையில் வைத்தேன். மலை உச்சியில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தோம். சுவருக்குள் ஓடிய ஒயரை ஆணி குத்தியிருந்தது. அந்தக் கரண்ட்தான் உப்பு ஈரத்தில் படம் முழுக்க இறங்கியிருக்கிறது. காய்ந்த கையால் தொட்டதால் எங்களுக்கெல்லாம் வெறும் சிலிர்ப்போடு போயிற்று. வெறுங்காலோடு சொட்டச் சொட்ட நின்றவளை அது உயிரோடு விட்டிருக்காது. அக்கா மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

பெண் குழந்தை பிறந்தது. இந்தக் கார்த்திகைக்கு மாடிப்படி வரை தவழ்ந்து வந்துவிடுகிறாள். நான் இப்போதும் உப்புத் தூவித்தான் மலை வரைகிறேன். காய்ந்ததும் ஒரு கல் விடாமல் தட்டிவிடுகிறேன். "அன்னிக்கு கரண்ட்ட நிறுத்துனது யாருன்னு நெனைக்கிற?" என்று அக்கா அடிக்கடி கேட்பார். எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கும் நான், அந்தக் கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் சொன்னதில்லை.