நல்ல செய்தி சொல்லும் நேரம்

நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதமே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடி வந்தவள் நான். யாரும் விரட்டவில்லை, யாரும் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அந்தச் சாக்கையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

எங்கள் ஊர் முதுகுளத்தூருக்குப் பக்கம். மழையை நம்பி மிளகாய் போடுகிற ஊர். அங்கே ஊசி போடக் கற்றுக்கொண்ட முதல் பெண் நான்தான் என்பதால், என் படிப்பில் ஆளுக்கொரு பங்கு இருந்தது. மதுரையில் படிக்கும்போது லீவுக்கு வந்தால் தெருவிலுள்ள இடுப்பு வலியெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காரும். மாத்திரை பெயர் தெரியாமல் நான் விழித்தாலும், "நர்ஸம்மா யோசிக்குது" என்பார்கள். அய்யா ஒரு படி மேலே போய், மகள் வேலையில் சேர்ந்ததும் வெட்டுகிறேன் என்று கருப்பசாமிக்கு ஒரு கிடாயை நேர்ந்து விட்டிருந்தார்.

வேலை கிடைத்தது கடலோரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில். என்னோடு இன்னும் நாலைந்து புதுப் பெண்கள். பாடத்தில் படித்த குழந்தை அழாது. வார்டில் இருந்த குழந்தை எங்களைக் கண்டாலே வீறிட்டது. நாங்களும் அழுதோம். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, முறை வைத்து அழுதோம். ஒருத்தி வேலையை விட்டுப் போனாள், பின்னாலேயே இன்னொருத்தி. அப்போதுதான் நிர்வாகத்துக்கு எங்கள் மனசைப் பற்றிக் கவலை வந்தது.

மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்து ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். மனசு தானாகக் கெட்டதையே பொறுக்கிச் சேர்க்கும், நல்லதைத் தேடிப் பார்க்க நாம்தான் பழக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். அவர் போனபின் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதைச் சட்டமாக்கிவிட்டார். டூட்டி மாற்றும்போது புதுப் பெண்கள் ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும்.

குறை சொல்லக் கூடாது, முதல் வாரம் எனக்கே அது பிடித்திருந்தது. காய்ச்சல் விட்டது, பால் குடித்தது, சிரித்தது என்று சொல்லும்போது கொஞ்சம் லேசாக இருந்தது. பிறகு சொல்ல ஒன்றும் கிடைக்காத நாட்கள் வந்தன. சும்மா நின்றால் சிஸ்டர், "யோசிம்மா, யோசி. நல்லது இல்லாத நாளே கிடையாது" என்பார். எனவே கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். எந்தக் குழந்தையோ எனக்கு முத்தம் கொடுத்தது, எந்தத் தாயோ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதில் எனக்கு இணை கிடையாது. செய்தி கிடைக்காத பெண்களுக்கு ஒன்றிரண்டு கட்டிக் கடன் வேறு கொடுப்பேன். வார்டிலேயே சிரித்த முகம் என்று என்னைத்தான் காட்டினார்கள். ராத்திரி தூங்காதவளும், சோற்றைப் பிசைந்துவிட்டு இறங்காமல் கொட்டியவளும் அதே சிரித்த முகம்தான். நர்ஸுக்கே மனசு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

நான்காம் மாதத்தில் ஒருநாள் பாம்பனிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்து வயதிருக்கும். காய்ச்சல் முற்றி, கையெல்லாம் சில்லிட்டிருந்தது. டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூத்த சிஸ்டர்கள் இருவர் முயன்று விட்டுவிட்டார்கள். குழந்தையின் அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே குத்தில் ஏறிவிட்டது. டாக்டரே, "சபாஷ்" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தக் குழந்தை இறந்துபோனது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், காய்ச்சல் அப்படி.

அன்று நல்ல செய்தி வேண்டாம் என்று நினைத்தேன். சிஸ்டர், "இன்னைக்குத்தான் கண்டிப்பாச் சொல்லணும், மனச விட்டுறக் கூடாது" என்றார். என் முறை வந்தது. "யாருக்கும் கிடைக்காத நரம்பு எனக்கு ஒரே குத்தில் கிடைத்தது" என்றேன். இத்தனை நாள் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லாதது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதியே பிரயோசனமில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பினால் வாசலில் அந்தத் தாய் நிற்கிறார். பிள்ளையின் கவுனை வாங்கிப் போக வந்திருந்தார். நான் பேசியது அவர் காதில் விழவில்லை, கை தட்டல் மட்டும் விழுந்திருக்கிறது.

"யாரு பிள்ளைக்கு சிஸ்டர் சொகமாச்சு?" என்று என்னைக் கேட்டார்.

குத்திக் காட்டவில்லை. தன் பிள்ளை போனாலும் வேறு யார் பிள்ளைக்கோ குணமாகிவிட்டது, அதற்குத்தான் இந்தச் சத்தம் என்று நம்பிக் கேட்டார். என் முகத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷத்தைத் தேடினார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்து, பையில் கிடைத்ததைத் திணித்து, மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில், "லீவு குடுத்திருக்காக" என்றேன். அய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு ஆத்தா. நீ இங்கன இருக்கையிலயே கிடாய முடிச்சிருவோம்" என்று அன்றைக்கே சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். வாயைத் திறந்து சொல்ல எனக்கு ஒரு வாரம் இருந்தது. சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு உண்மை சொல்லத் துணிவில்லை. சாமி பார்க்கட்டும் என்று கிடாய் வெட்டும் அன்றைக்கு என்னை யூனிபாரம் கட்டச் சொன்னார்கள். அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த அந்த வெள்ளைச் சேலையோடு கோயிலில் நின்றேன். சேலை உடம்பில் முள்ளாகக் குத்தியது.

எங்கள் பக்கத்தில் கிடாய் சம்மதிக்காமல் வெட்டமாட்டார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்கிவிட்டது என்றால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் கிடாய் துலுக்கவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். கல்லாக நின்றது. கூட்டம் முணுமுணுத்தது.

"நேந்தவுக வீட்டுல ஏதும் குறை இருந்தா இப்பவே சொல்லிருங்கப்பா" என்றார் பூசாரி.

சித்தப்பா, மச்சானை ஒழுங்காக அழைக்கவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா, "போன வாரம் சனியனேன்னு இதை வஞ்சுட்டேன் சாமி" என்றாள். சிலர் சிரித்தார்கள். கிடாய் அசையவில்லை. அய்யா கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அய்யா, லீவு இல்ல. நான் வேலைய விட்டுட்டு ஓடியாந்துட்டேன்" என்றேன்.

சொல்லி முடிக்கவும் கிடாய் துலுக்கவும் சரியாக இருந்தது. ஒரே குலவை, கொட்டு. நான் சொன்னது பக்கத்தில் நின்ற அய்யாவைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதற்குள் அருவாள் இறங்கிவிட்டது.

அன்று பந்தியில் அய்யாதான் கறி பரிமாறினார். ஒவ்வொரு இலையிலும் யாராவது, "மக எப்படி இருக்கு, வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும், "நல்லா இருக்குப்பா, நல்லாப் பாக்குது" என்று சொன்னார். நான் சொன்ன பொய்யை ஊரறிய அவர் சுமந்துகொண்டு இலை இலையாகக் குனிந்ததைப் பார்த்தபோது, பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஆட்கள் போனபின் என்னிடம் வந்தார்.

"அங்கன எவனும் தப்பா நடந்தானா?"

"இல்லய்யா."

"கை நீட்டி அடிச்சாகளா?"

"இல்லய்யா. என்னாலதான் முடியல."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சாமி துலுக்கி வாங்கிருச்சு ஆத்தா. வாங்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இனிமே ஒனக்கு வேலையக் குடுக்குறது அதோட பாடு" என்றார். மாட்டுத் தரகில் பேரம் முடித்தவர் போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏன் ஓடி வந்தேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்க மறுநாள் பையோடு கிளம்பினேன். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வார்டுக்குள் கால் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பாலத்தைத் தாண்டிப் பாம்பனில் இறங்கிக் கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் கரையில் வேறு பெண்களோடு கருவாடு காயப்போட்டுக் கொண்டிருந்தார். யூனிபாரம் இல்லாமல் கலர்ச் சேலை கட்டின என்னை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அன்னைக்கு யாருக்கும் சொகமாகலக்கா" என்றேன். "நரம்பு கிடைச்சதுன்னு எனக்குத்தான் கை தட்டுனாங்க. உங்க பிள்ளைக்கு ஊசி ஏத்தினதுக்கு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் வந்தேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"அப்ப நீதான் உள்ள அவகூட இருந்தியா? என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாகளே. அவ கையப் பிடிச்சிருந்தியா?"

ஆறுதலாக ஏதாவது கட்டிச் சொல்ல நாக்கு பழகியபடி எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "நரம்பு தேடத்தான் பிடிச்சேன்க்கா."

"எந்தக் கையால பிள்ள?"

இடது கையை நீட்டினேன். உப்பில் வெடித்த தன் இரண்டு கைகளாலும் அதை வாங்கிப் பொத்திக்கொண்டார். கருவாடு புரட்டிக் கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து, "டூட்டிக்கு நேரமாச்சு, போ பிள்ள" என்று அவரேதான் கையை விட்டார்.