உத்தரத்தின் மேல் ஒரு ஆள் எடை

பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ரங்கநாதரைச் சேவித்து வருகிறவனுக்கு வேறு பயம் எதற்கு? நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும், ஆனாலும் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மகாராஜா காலத்தில் மைசூரில் ஒரு இஞ்சினியர் ஐயாவிடம் எனக்குக் கொட்டகைக் காவல் வேலை. உள்ளே ஒரு கான்கிரீட் உத்தரம், அதன்மேல் மணல் மூட்டைகள், அடியில் தொய்வைக் காட்டக் கடிகாரம் மாதிரி வட்டமாக ஒன்று, அதில் ஒரு முள். பாரம் அப்படியே இருந்தாலும் நாளாக ஆகக் கான்கிரீட் மெள்ளத் தொய்யுமாம். எப்போது எவ்வளவு தொய்யும் என்று ஐயா முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கோடு இழுத்து வைத்திருந்தார். முள்ளோ அந்தக் கோட்டுக்கும் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. இதற்கு அதிகப்படிப் பாரம் எவ்வளவு ஏறியிருக்கவேண்டும் என்று கணக்கைத் திருப்பிப் போட்டார், ஒரு ஆள் எடை வந்தது.

"ஏம்ப்பா வேங்கடா, மத்தியானம் மூட்டை மேல படுத்துத் தூங்கறியா?"

"பெருமாள் சத்தியமா இல்லீங்க."

"சத்தியமெல்லாம் வேண்டாம். நீதான்னு தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு வேலைக்கு வராதே."

எனக்குக் கொத்தனார் புட்டையா மேல் சந்தேகம், அவனுக்கு என்மேல். கடைசியில் தேவராஜ மொஹல்லாவில் ஒரு அரிசி மண்டித் தராசில் எங்களை ஏற்றினார் ஐயா. நான் நோஞ்சான், எடை போதவில்லை. புட்டையா தொந்திக்காரன், மிஞ்சிவிட்டது. இறங்கினவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா, "நீங்களும் ஏறிடுங்க சுவாமி, யாரையும் விடக்கூடாது பாருங்க" என்றான். மண்டியில் எல்லோரும் சிரித்தார்கள், ஐயாவும் சிரித்துக்கொண்டேதான் ஏறினார்.

கணக்கில் வந்த அதே எடை.

என் வேலை தப்பியது. ஆனால் அதற்கப்புறம் ஐயா கொட்டகைக்குள் காலே வைக்கவில்லை, வாசலில் நின்றபடியே "முள் எங்கே நிக்குது?" என்பார்.

பிறகு அவர் விஷக் காய்ச்சலில் படுத்தார். முள் மேலே ஏற ஆரம்பித்தது. பாரம் குறையாமல் உத்தரம் எழும்பாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஐயா வீட்டில் விசாரித்தால், கஞ்சிகூட இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார் என்றார்கள். முள் போய்க் கோட்டைத் தொட்டுவிட்டால் அப்புறம் அங்கே ஆளே இல்லை என்றுதானே அர்த்தம்? ரங்கநாதா, நீயே துணை என்று இன்னொரு மணல் மூட்டையைத் தூக்கி உத்தரத்தின் மேல் வைத்தேன். முள் இறங்கி நின்றது. அன்று சாயங்காலமே ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டது.

தேறி வந்தவர் முதல்நாளே மார்பில் கை வைத்துக்கொண்டு, "காய்ச்சல் போனதிலேர்ந்து நெஞ்சு மேல ஏதோ மூட்டை ஏத்தின மாதிரி இருக்குடா வேங்கடா. வைத்தியர் ஒண்ணுமில்லேங்கறார்" என்றார்.

கொட்டகைச் சாவி இப்போதும் என்னிடம்தான். ஐயா இன்றும் இருக்கிறார், பென்ஷன் வாங்குகிறார், பேச்சின் நடுவே நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். அந்த மூட்டையை இறக்க இதுவரை எனக்குக் கை வரவில்லை.