மிஸ்டு கால் கதவு

மதினி வீட்டு முன்வாசல் கிரில் கதவை ஒட்டி, சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. உள்ளே பழைய போன் ஒன்று, தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு பேட்டரி. போன் அடித்தால் பூட்டு விடும். ஐந்தாறு நொடியில் தானே பிடித்துக்கொள்ளும். கல்ஃபில் வேலை பார்த்த என் அண்ணன் விடுமுறையில் வந்தபோது தன் கையாலேயே செய்து மாட்டியது.

மிஸ்டு கால் அப்போது எங்கள் குலசேகரம் பக்கம் தனி பாஷை. ஒரு மணி அடித்தால் சுகம், இரண்டு அடித்தால் திருப்பிக் கூப்பிடு. காசு செலவில்லாமல் கதவையும் அதை வைத்தே திறக்கலாம் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டில் திருட்டுப் போயிருந்தது. அவன் பயந்ததில் தப்பில்லை. ஆனால் உள்ளே ஒரு சுவிட்ச் வையேன் என்று நான் சொன்னதற்கு, "ஜன்னல் வழியா கம்ப விட்டு அமுக்கிருவான் மக்கா" என்றான். பின்வாசலுக்கும் வெளியே பூட்டுப் போட்டு, சாவியைக் கையோடு கொண்டுபோனான். அதற்குப் பிறகு மதினி பால் வாங்கப் போவதற்கும் கடல் தாண்டி அவனைப் போனில் விளித்துவிட்டு, அவன் பெட்டிப் போனுக்கு அடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் தெருப் பெண்கள், "கெட்டியவன் வாசல் தொறக்கான்" என்று சிரிப்பார்கள். மதினியும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதினிக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்தவளைக் கூப்பிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை. வேண்டாம் என்றும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சேர வேண்டிய நாள் காலையில் தன் போனை அணைத்துப் போட்டுவிட்டான். மதினி கஞ்சி போட்ட சேலையும் சோற்றுப் பாத்திரமுமாக உள்ளே நின்றாள். வெளியே நின்ற நான், பூட்டை உடைத்துவிடுவோம் என்றேன். "வேண்டாம் மக்கா, அவிய வந்தா நான் என்ன சொல்லுவேன்" என்றாள். அழுத முகத்தைக் கழுவ உள்ளே போனாள்.

அப்போது பெட்டிக்குள் மணி அடித்தது. படியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து திரும்புவதற்குள் பூட்டு விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது. அண்ணனை விளித்துப் பார்த்தேன், அவன் போன் அணைந்தேதான் கிடந்தது. திறக்க முடியாதபடி அண்ணன் ஒட்டி வைத்திருந்த பெட்டியின் கண்ணாடி மூடி வழியே பார்த்தால், போன் திரையில் காலர் டியூன் பாட்டு விற்கிற கம்பெனியின் விளம்பர நம்பர். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்ஃபிலிருந்து வரும் கால் நம் ஊரில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நம்பராக விழும். அதனால் யார் அடிக்கிறார்கள் என்று பார்க்காமல், மணி அடித்தால் திற என்று எழுதி வைத்துவிட்டான் புத்திசாலி. உள்ளே இருக்கும் சிம்மின் எண் தனக்கு மட்டும்தானே தெரியும் என்ற தைரியம்.

அந்த சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சாலைச் சந்திப்பிலிருந்த போன் கடையில் சொல்லி வைத்திருந்தவனும் அவனேதான். ஓடினேன். வாடிக்கையாளர் நம்பரையெல்லாம் கடைக்காரர் சுவரிலேயே எழுதி வைப்பார். அங்கே, ஊர் பார்க்க, கொட்டை எழுத்தில் 'கல்ஃப்காரர் வீட்டுக் கதவு' என்று எழுதி, பக்கத்திலேயே பத்து இலக்கமும் இருந்தது.

எண்ணோடு திரும்பி ஓடிவந்து நானே அடிக்கப் போனேன். மதினி கம்பிக்கிடையே கையை நீட்டினாள். "இங்க கொண்டா, நான் விளிக்கேன்." கதவு விட்டது. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். பத்துக்குள் போய்ச் சேர்ந்தும்விட்டாள்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் யாருக்கும் சொல்லாமல் வந்தான். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும், புது போர்டு கொண்டுவந்திருப்பதாகவும், இதில் ஓட்டையே கிடையாது என்றும் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே நடந்தான். வீட்டு முன் வந்ததும் நின்றுவிட்டான். கிரில்லையும் பெட்டியையும் பெயர்த்தெடுத்த இடத்தில் சிமெண்ட் பூச்சுகூடக் காய்ந்துவிட்டிருந்தது. உள்ளே மரக்கதவிலும், பின்வாசலிலும் புதிதாகச் சாதாரணப் பூட்டு தொங்கியது. சாவி மதினியிடம். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் கிடந்தது. அண்ணன் சூட்கேஸைப் படியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தான்.