சாம்பல் வந்தது, தீவு வரவில்லை

நானும் நிஸ்ரினும் செய்த பஸ் செயலியை முன்பின் தெரியாத இருவர் பாவிப்பதை இன்று என் கண்ணால் கண்டேன்! அடுத்த தரிப்பிடத்தின் பெயரைத் தமிழில் சொல்லும் செயலி அது.

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் ஐயாவும் அவர் மனைவியும். ஐயாவிடம் ஐபோன், அம்மாவிடம் அன்ட்ரொயிட். நாங்கள் எழுதிய நிரல் இரண்டுக்கும் ஒன்றுதான். குரலை மட்டும் அந்தந்தப் போனிடமே விட்டிருந்தோம்.

"ரெண்டும் ஒரே மாதிரிக் கதைக்காது, தனித்தனியாப் பார்க்கோணும்" என்று நிஸ்ரின் அப்போதே சொன்னாள். "ஒருக்கா எழுதினாப் போதும்" என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான்.

அம்மாவின் போன், "சாம்பல்தீவு" என்றது.

"எழும்புங்கோ, இடம் வந்திட்டுது" என்றார் அம்மா.

ஐயாவின் போன், "சாம்பல்" என்று சொல்லி மூச்சு வாங்கியது.

ஐயா அசையவில்லை. "பொறும். இப்ப சாம்பல்தான் வந்திருக்கு. தீவு இன்னும் வரேல்ல."

"தீவு" என்றது போன்.

பஸ்ஸே சிரித்தது. "தீவும் வந்திட்டுது ஐயா, இறங்குங்கோ!" என்றார் கொண்டக்டர்.

சிரிப்பு அடங்காமலே நிஸ்ரினுக்கு எழுதினேன்: "நீ சொன்னதுதான் சரி. ஐபோன் குரலுக்குத் தனியா எழுதுவம்."

உடனே பதில் வந்தது: "ஓம், ஓம். நீயும் சாம்பல்தீவுக்குத்தானே போறாய்? இறங்கிட்டியா?"

இப்போது நிலாவெளியில் நிற்கிறேன். திரும்பிப் போக பஸ் எப்போது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செயலியைப் பார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.