இடது பக்கத்துப் பலகைகள்

எங்கள் தேவாலயத்து ஓகனுக்கு அடியில் ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் செங்கல். குனிந்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். கண்டி நகரத்துக்கு நடுவில், ஞாயிறுதோறும் நான் வாசிக்கிற ஓகன், காற்றூதி ஒலிக்கும் குழாய் ஆர்கன். முன்னால் நின்று பார்த்தால் கூரையைத் தொடும் குழாய்களும் கம்பீரமும்தான். இடது பக்க அடியில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைகள் அடித்திருந்தார்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மரம், வெவ்வேறு வயது. இங்கே கொண்டுவந்தபோது அவற்றைக் கழற்றச் சோம்பல்பட்டு, மட்டம் சரிவர வலது பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். என்ன வேலையோ!

ஆண்டுவிழா மலருக்கு ஓகனின் வரலாற்றை எழுதும் பொறுப்பைச் சபையில் என் தலையில் கட்டினார்கள். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கல் தேவாலயத்திலிருந்து அது வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. கொண்டுவந்தவர்களில் மிஞ்சியிருப்பவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட, ஓய்வுபெற்ற பொறியியலாளர். நாங்கள் அவரை சேர் என்போம்.

"ஓம் பிள்ளை, அங்க ஒரே ஈரம். காத்துப்பைத் தோலெல்லாம் பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்றார்.

"பலகை எதுக்கு சேர்?"

"பழைய ஆக்களின்ர வேலை. அதை விடுங்கோ." கதிரையை விட்டு எழுந்துவிட்டார். விடச் சொன்னால் இறுக்கிப் பிடிக்கிற குணம் எனக்கு. வீட்டில் எத்தனை ஏச்சு வாங்கியும் அது போகவில்லை.

அந்தத் தோட்டத்தில்தான் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அடுத்த வாரமே பஸ் ஏறினேன். அவள் குடியிருக்கும் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, சற்று மேலே நிற்கிறது அந்தத் தேவாலயம். ஓகன் போனதோடு ஆராதனையும் நின்றுவிட்டது. சாவி தங்கச்சி புருஷனிடம் இருந்தது.

"பாத்து வாங்கக்கா, வழுக்கும்" என்று அவள் கதவைத் திறந்தாள். சுவரில் ஓகன் நின்ற இடம் வெளிறிக் கிடந்தது. தரையில் வைத்த என் தண்ணீர்ப் போத்தல் சாய்ந்து, தானாக உருண்டு, இடது பக்கச் சுவரில் போய் முட்டியது. தங்கச்சி சிரித்தாள்.

"எப்பவும் அப்படித்தான். இந்த வருஷம் கொஞ்சம் வெரசா ஓடுது."

ஓகனில் பலகைகள் இருந்ததும் அதே பக்கம்தான். தரை இறங்க இறங்க யாரோ ஒவ்வொரு பலகையாகச் சொருகி ஓகனை நிமிர்த்தியிருக்கிறார்கள். மூலையில் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. யாருடையவை என்று கேட்டேன்.

"நம்ம லயத்து ஆளுங்களோடதுதான். மழை வலுத்தா லயத்துல இருக்கப் பயம், மண்ணு வந்துரும்னு. எல்லாரும் இங்க வந்துருவோம். கல்லுக் கட்டடமாச்சே!"

தரை இறங்குகிறது, இனி இங்கே வந்து படுக்காதே என்று கெஞ்சினேன். "சும்மா இருங்கக்கா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள். என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அடைமழை. மத்தியானம் நான் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். கேட்க வந்த சேர் முன் வரிசையில் இருந்தார். தங்கச்சியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, இங்க பேய் மழை. நீங்க பயப்படாதீங்க. எல்லாரும் கல்லுக் கோயிலுக்கு வந்துட்டோம்."

"ஐயோ, வெளிய போங்கடி! அந்தப் பக்கம் ஸ்கூலுக்குப் போங்க!"

"கல்லுக் கட்டடத்த விட்டுட்டு மழையில போகச் சொன்னா யாருக்கா கேப்பாங்க?"

போனின் ஸ்பீக்கரைப் போட்டு சேரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க சேர். ஈரம்தானா?"

அவர் ஓகனின் இடது பக்கத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனுக்குக் குனிந்தார்.

"பிள்ளை, ஓகனைக் கொண்டுவந்த ஆள் கதைக்கிறன். எல்லாரையும் உடனே வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தச் சுவருக்குக் கீழ நிலம் இறங்குது. அண்டைக்கே எங்களுக்குத் தெரியும். அதாலதான் கழட்டினனாங்கள்."

மழை இரைச்சலுக்கு மேலாகத் தங்கச்சி கத்தினாள்.

"அப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஓகன் பொட்டிய மட்டும் தூக்கிட்டுப் போயிட்டீங்களாய்யா?"

அந்தப் பக்கத்தில் அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி வெளியே விரட்டத் தொடங்கினாள். எத்தனை பெயர்கள்! தொடர்பு அறும்வரை நான் போனை சேரின் முகத்துக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.